கணினி ஒன்று, கணக்கு நான்கு

எங்கள் வீட்டில் இருப்பது ஒரேயொரு மேசைக் கணினி. அதில்தான் நான் மாணவர்களுக்கான வினாத்தாள்களைத் தட்டச்சுச் செய்கிறேன். கணவர் கடைக் கணக்கைப் பார்க்கிறார். கனடாவில் இருக்கும் அக்காவோடு அம்மா முகம் பார்த்துப் பேசுகிறார். முதலாம் தரத்து மகளும் நான்காம் தரத்து மகனும் படம் வரைவதும் விளையாடுவதும் அதிலேயே. பிள்ளைகளுக்கென்று மலிவான டப் (தொடுதிரைக் கணினி) ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்று திருகோணமலை உவர்மலையில் எங்கள் அயலவர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. போர்வைக்குள் கொண்டுபோகக்கூடிய திரையைவிட, எல்லோரும் போய்வரும் முன் விறாந்தையில் அசையாமல் நிற்கும் திரையே சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் பெரியவர்களின் வேலையும் பிள்ளைகளின் விளையாட்டும் ஒரே பெட்டிக்குள் பழுதில்லாமல் இருக்க வேண்டுமானால், அதை முதலில் பிரித்து ஒழுங்குபடுத்த வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில், கணினி வாங்கிய நாளில் கடைக்காரர் திறந்து கொடுத்த ஒரே பயனர் கணக்கில்தான் குடும்பம் முழுவதும் புழங்குகிறது. அது நிர்வாகி உரிமை கொண்ட கணக்கு. இணையத்திலிருந்து வந்த ஏதோ ஒன்றை நிறுவட்டுமா என்று விண்டோஸ் கேட்கும்போது, அந்தக் கணக்கில் 'ஆம்' என்பதை அழுத்தினாலே போதும். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அதை அழுத்தும். சாதாரண பயனர் கணக்கிலோ அதே இடத்தில் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே எங்கள் கணினியில் எனக்கும் கணவருக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொன்றும், பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக ஒன்றுமாக நான்கு கணக்குகள் உண்டு. நிர்வாகி உரிமை என்னுடையதில் மட்டுமே இருக்கிறது. கணவருக்கு இதில் சிறு மனத்தாங்கல்.

கணக்கைப் பிரித்துவிட்டதால் கோப்புகள் எல்லாம் பாதுகாப்பாகிவிட்டன என்று எண்ணிவிடக் கூடாது. ஒருவருடைய மேசைத்தளத்திலும் ஆவணங்கள் என்ற கோப்புறையிலும் உள்ளவற்றைச் சாதாரண கணக்கில் இருக்கும் மற்றொருவர் திறக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் நம்மவர்களில் பலர், விண்டோஸை மீண்டும் நிறுவ நேர்ந்தால் அழிந்துவிடுமே என்ற பயத்தில், கலியாணப் படங்கள் முதல் காணி உறுதியின் நகல் வரை எல்லாவற்றையும் விண்டோஸ் இருக்கும் பகுதியிலிருந்து பிரிந்த டி டிரைவில் போட்டு வைக்கிறார்கள். அந்த டிரைவோ வழமையான அமைப்பில் எல்லாக் கணக்குகளுக்கும் திறந்தே கிடக்கும். வினாத்தாள்களை என் கணக்கின் ஆவணங்களுக்குள் வைத்து, பிரதியொன்றைப் பென்டிரைவில் எடுத்து அலுமாரியில் பூட்டுவதே என் வழக்கம். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் விசையைச் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுவதும் அப்படியே பழகிவிட்டது.

பூட்டு மட்டும் போதாது. பிள்ளைகளின் கணக்கைத் திறந்தால் அங்கே செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். மகளின் விருப்பம் டக்ஸ் பெயிண்ட். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கும் இந்த வரைதல் மென்பொருளைத் தமிழ் இடைமுகத்துடனும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கருவியும் ஒரு சத்தம் போடும் (மதியத் தூக்கத்தில் இருக்கும் அம்மம்மாவுக்கு இதில் முறைப்பாடு உண்டு). சேமிக்கும்போது அது கோப்பின் பெயரைக் கேட்பதில்லை. மீண்டும் திறக்கும்போது, வரைந்த படங்களைச் சிறு உருவங்களாக வரிசையில் காட்டி, வேண்டியதைத் தொட்டு எடுக்கச் சொல்கிறது. எழுதப் பழகும் வயதுப் பிள்ளைக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு அதில் பெரிய மதிப்பு. பெற்றோருக்கென்று தனியாக ஓர் அமைப்புத் திரையும் உண்டு: வெளியேறும் பொத்தானை முடக்கலாம், அச்சிடுவதை முழுவதும் நிறுத்தலாம், அல்லது ஒரு முறை அச்சிட்டபின் குறிப்பிட்ட நேரம் கழித்தே மறுமுறை அச்சிட விடலாம். இன்று மை விற்கும் விலையில் அந்தக் கடைசி வசதி மிகவும் உதவுகிறது.

இணையத்துக்கு இரண்டு வேலிகள் போட்டிருக்கிறோம். றவுட்டரில், தளத்தின் பெயரைக் கொண்டு அது இருக்கும் இடத்தைத் தேடித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை 1.1.1.3 என மாற்றினால், கிளவுட்பிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் தொடங்கிய இலவசச் சேவை ஆபாசத் தளங்களையும் தீங்கு செய்யும் தளங்களையும் வீடு முழுவதற்கும் தடுத்துவிடும். ஆனால் அது தளத்தின் பெயரைப் பார்த்துத் தடுக்கும் வழி என்பதால், யூடியூபில் ஓடும் காணொளிகளில் நல்லது கெட்டதை ஒவ்வொன்றாகப் பிரித்தறிய அதனால் இயலாது. அங்கே இரண்டாவது வேலியாக இருப்பவர், விறாந்தையில் பூக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மம்மா.

நேரத்தைப் பங்கிடுவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுவர் மணிக்கூடு தீர்ப்புச் சொல்கிறது. கனடாவிலிருந்து அழைப்பு வந்தால் யாராயிருந்தாலும் எழும்ப வேண்டும். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய யூபிஎஸ் (மின்சாரம் போனாலும் சிறிது நேரம் கணினியை ஓடவைக்கும் மின்கலப் பெட்டி) கத்தத் தொடங்கினால், சேமித்துவிட்டு முறைப்படி அணைக்கப் பிள்ளைகள் இருவருக்கும் தெரியும்.

அடுத்த ஆண்டு மகன் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றுகிறான். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் உள்ள பாடங்களைப் பார்க்க மாலையில் அவனுக்கு மேலதிகமாக அரை மணித்தியாலம் தேவைப்படும். அது தன்னுடைய நேரத்திலிருந்து எடுக்கப்படக் கூடாது என்று மகள் இப்போதே அறிவித்துவிட்டாள். ஆகவே கடைக் கணக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளிப் போகிறது.