மெக்ஸ் என்றொரு ராணுவ இன்ஜினியர்

அக்டோபர் 6, ஞாயிறு

வாஷிங்டன் பக்கத்தில் இருக்கும் கேபின் ஜான் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டிகள்தான் போக முடியும். சிக்னலுக்குக் காத்திருந்தபோது, இதைக் கட்டிய ராணுவ இன்ஜினியர் மாண்ட்கோமரி மெக்ஸ் ஞாபகம் வந்தார். ஓடையை 220 அடி நீளத்துக்கு ஒரே கல் வளைவில் தாண்டியிருக்கிறார். வாஷிங்டனுக்குக் குடிநீர் போகும் குழாய் பாலத்துக்குள்ளேயே ஓடுகிறது. கல்வெட்டில் இருந்த ஜெஃபர்சன் டேவிஸ் பெயரை 1862இல் செதுக்கி எடுத்தார்கள். திட்டத்துக்கு ஆதரவாக நின்ற போர் அமைச்சர், பிறகு அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநில அணியின் அதிபர் ஆகிவிட்டாரே! தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில் அதே பெயரை மறுபடி வெட்டினார்கள்.

அக்டோபர் 9, புதன்

மெக்ஸும் நாட்குறிப்பு எழுதியவர்தான், அதுவும் பிட்மன் ஷார்ட்ஹேண்டில்! அமெரிக்க நாடாளுமன்றமான கேபிடலின் கட்டட வேலையையும் அவர்தான் பார்த்தார். டேவிஸுக்கு அடுத்து வந்த போர் அமைச்சர் ஃபிளாய்டோடு கான்ட்ராக்ட் விஷயத்தில் முட்டிக்கொண்டதும், 1860இல் ஃபுளோரிடாவுக்கு அப்பால் கடலில் இருக்கும் ட்ரை டார்ட்டூகாஸ் தீவுக் கோட்டைக்கு மாற்றல். நிஜமான தண்ணியில்லாக் காடு அது.

அக்டோபர் 12, சனி

ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைக்குப் போனேன். மேட்டில் இருப்பது, போரில் தென் அணியின் தளபதியான ராபர்ட் லீ வாழ்ந்த வீடு. 1837இல் மிசிசிப்பி ஆற்றை அளக்கப் போன லீயின் கீழ் வேலை பார்த்த இளைஞர் மெக்ஸ். 1864இல் அந்தத் தோட்டத்தையே கல்லறை நிலமாக்கச் சொன்னதும் அவர்தான். திருமதி லீயின் ரோஜாச் செடிகளை ஒட்டியே குழி வெட்டச் சொன்னார். இடம் இல்லாமலா? மறுபடி யாரும் குடியேறிவிடக் கூடாது என்ற கோபம்தான் என்பேன். அந்த அக்டோபரில் மகன் ஜானும் போரில் இறந்தான். இங்கே தன் கல்லறை மேல், விழுந்த கோலத்திலேயே, பக்கத்தில் துப்பாக்கியோடு, சின்ன வெண்கலச் சிலையாகக் கிடக்கிறான்.

அக்டோபர் 20, ஞாயிறு

1861 முதல் 1882 வரை மெக்ஸ் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல், அதாவது ராணுவத்தின் சரக்குத் துறைத் தலைவர். போர்க்காலத்தில் சுமார் 150 கோடி டாலர் அவர் துறை வழியாகச் செலவானது. கூடாரம், குதிரை, செருப்பு எல்லாம் அவர் பொறுப்பு. வட அணித் தளபதி ஷெர்மனின் படை தெற்கே சவானா நகரை அடைந்ததும் சரக்கோடு நேரிலேயே போய் நின்றார்.

ஓய்வுக்குப் பிறகு, சிப்பாய்களின் பென்ஷன் அலுவலகத்துக்காக வாஷிங்டனில் அவர் கட்டிய பென்ஷன் கட்டடத்தை இன்று பார்த்தேன். ஊனமுற்ற பழைய சிப்பாய்கள் ஏற வசதியாகத் தாழ்வான படிகள். வெளிச்சுவரைச் சுற்றி 1,200 அடிக்குச் சுடுமண் சிற்ப வரிசை. குதிரைப்படை, பீரங்கிப்படை நடுவே தன் துறையின் சரக்கு வண்டியையும் விடாமல் நுழைத்திருக்கிறார் மனிதர். வண்டிக்காரர், போரால் விடுதலையான கறுப்பின அடிமையாகத்தான் இருக்க வேண்டும் என்று சிற்பியிடம் கறாராகச் சொல்லியிருக்கிறார். மேற்கு வாசலுக்கு மேலே இருக்கிறது அது. போகிறவர்கள் அண்ணாந்து பாருங்கள்.