பின்னணிச் சுவர்

பிப்ரவரி 4, டியர்பார்ன், அமெரிக்கா
அமெரிக்கத் திரையில் அரபியர் காட்டப்படும் விதம் பற்றிய என் ஆய்வேடு குறித்து நெறியாளரிடமிருந்து மடல் வரவில்லை.

பிப்ரவரி 6
அமெரிக்கப் பேராசிரியர் ஜாக் ஷஹீன் 900-க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களைப் பார்த்து, அரபியர் அவற்றில் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதை 2001-இல் நூலாக்கினார். நல்லவிதமாகக் காட்டியவை என்று அவருக்குத் தேறியவை ஏறத்தாழ 12. எண்ணிக்கை வாதமாகாது என்று என் மூன்றாம் இயலின் ஓரத்தில் நெறியாளர் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும், லெபனானிலிருந்து குடியேறியவர்களின் மகன் ஒருவர், தம் வீட்டு மனிதர்களின் சாயல் கொண்டவர்கள் சுடப்பட்டு விழுவதை ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதை எந்த அட்டவணையில் சேர்ப்பேன்?

பிப்ரவரி 7
இரவு முழுவதும் ஒரே காட்சி. ‘ஹோம்லேண்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காக 2015-இல் பெர்லினில் சிரிய அகதி முகாம் அரங்கம் அமைத்தபோது, சுவர்களில் அரபியில் கிறுக்குவதற்கு ஹெபா அமீன் உள்ளிட்ட மூன்று கலைஞர்களை அழைத்தார்கள். அவர்கள் எழுதியதைப் படப்பிடிப்பில் ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. கதாநாயகி கடந்துபோகும் சுவரில் ‘அல்வதன் உன்சுரி’ என்று இருந்ததை ஒளிபரப்பான பிறகுதான் உலகம் அறிந்தது. வதன் என்றால் தாயகம். தொடரின் பெயரும் அதுவே. அது இனவெறி கொண்டது என்று எழுதியிருந்தார்கள். படத்தை நிறுத்தி, காயல்பட்டினத்து ஓதும் பள்ளியில் பழகியபடி திரையில் விரல் வைத்து எழுத்துக்கூட்டினேன். ஒலி உடனே வந்தது. பொருளுக்கு அகராதியைத் திறக்க வேண்டியிருந்தது. அரபியை அலங்காரமாக வைத்தவர்களைப் பற்றி எழுதும் நான், பொருள் தெரியாமலே அதை எத்தனை ஆண்டுகள் ஓதினேன் என்பது நெஞ்சை அரிக்கிறது.

பிப்ரவரி 8
மடல் இல்லை. உம்மா அழைத்தார்கள், பேசத் தோன்றவில்லை.

பிப்ரவரி 10
வாரன் அவென்யூ ரொட்டிக்கடையில் மனாகீஷ் என்ற தட்டை ரொட்டி வாங்க நின்றேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த அரபித் தாளை நான் வாய்விட்டு வாசிக்க, பின்னால் நின்ற பெரியவர் ‘ஸஅதர்’ என்ற மூலிகைப் பொடியின் பெயரில் வரும் ஐன் எழுத்தைத் தொண்டையிலிருந்து எடுக்கச் சொல்லித் திருத்தினார். ஸஅதர் விலை ஏறியிருப்பதாகத் தாளில் இருந்தது. படித்து முடித்ததும் அவர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். சுவரில் எழுதியதை ஒருவர் படித்துக் கோபப்படும் தெரு இது.

பிப்ரவரி 11
1992-இல் வந்த டிஸ்னியின் ‘அலாதீன்’ படத்தில், கதை நடக்கும் அரபு ஊரைப் பற்றிய பாட்டில் காதை அறுப்பார்கள் என்றிருந்த வரி, அரபு அமெரிக்கர்கள் எதிர்த்ததால் 1993 வீடியோவில் மாற்றப்பட்டது. அந்த ஊரைக் காட்டுமிராண்டித்தனமானது என்று சொன்ன சொல் மட்டும் நின்றது. வரியை விட்டுக்கொடுத்தவர்கள் சொல்லை ஏன் காத்தார்கள் என்பதே நான்காம் இயலாகலாம்.

பிப்ரவரி 13
மூன்றாம் இயலின் முதல் பத்தியை அடித்துவிட்டேன். அந்தச் சுவரிலிருந்து தொடங்குகிறேன், வலமிருந்து இடமாக. முதல் எழுத்து அலிஃப்.