மியூட் ஆகலைல மருமவனே

முழுப்பரீட்சை லீவுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து அக்கா பையன் பணகுடிக்கு வந்திருந்தான். ஒன்பதாவது முடித்திருக்கிறான். சரி, மாமன் கடமையைச் செய்வோம் என்று '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யைப் போட்டு உட்கார வைத்தேன். 1968ல் வந்த படம், ஆம்ஸ்ட்ராங் நிலாவில் இறங்குவதற்கு முந்தின வருஷம், அதை மனசுல வச்சுக்கிட்டுப் பாருல என்று முன்னுரை வேறு.

முதல் வசனம் வரவே கிட்டத்தட்ட 25 நிமிஷம் ஆகும். ஆரம்பத்தில் வெறும் குரங்கு மனிதர்கள்தான். பத்தாவது நிமிஷமே போனை எடுத்துவிட்டான். ஒரு வழியாக விண்வெளி வீரர் கப்பலுக்கு வெளியே மிதக்கிற இடம் வந்தது, பையன் ரிமோட்டைத் தேடினான்.

"மாமா, டிவி மியூட் ஆயிட்டு."

மியூட் ஆகவில்லை. காற்று இல்லாத இடத்தில் சத்தம் எங்கிருந்து வரும்? படத்தின் இயக்குநர் குப்ரிக் அங்கே மூச்சுச் சத்தத்தை மட்டும் விட்டு, சில இடத்தில் அதையும் எடுத்துவிட்டார். அப்புறம் வந்த எத்தனையோ படங்களில் விண்வெளியிலும் டமார் டுமீல்தான். பையனையும் குற்றம் சொல்ல முடியாது. மகேந்திரகிரியில் இஸ்ரோக்காரர்கள் எஞ்சினைச் சோதித்துப் பார்க்கிற நாளில், காற்று இந்தப் பக்கம் அடித்தால் மலையே உறுமுகிற மாதிரி இருக்கும். லீவுக்கு லீவு அதைக் கேட்டவன், ராக்கெட் என்றால் சத்தம் என்றுதானே நினைப்பான்.

கப்பலைக் கவனித்துக்கொள்கிற 'ஹால்' என்ற கம்ப்யூட்டர் பேசியபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் பேசும், அதிலென்ன? நாங்கள் வாயைப் பிளந்த இடம் அது.

வாயைப் பிளந்தோம் என்பதும் பாதிப் பொய். ஹாஸ்டலில் வாடகை சிடியில் பார்த்தபோது இரண்டாவது சிடியை மாற்றுவதற்குள் நான் தூங்கிப்போனேன். மூன்றாவது தடவைதான் படம் பிடிபட்டது. அதற்கு முன்னாலேயே அப்பாவிடம் வேறு நக்கல். 1963ல் வந்த 'கலை அரசி'யைப் பற்றி, வேற்றுக்கிரகத்துக்காரன் பறக்கும் தட்டில் வந்து பாட்டுக்காகப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவதையும் எம்ஜிஆர் பின்னாலேயே போய் மீட்பதையும் பற்றி, அப்பா அப்படி ரசித்துச் சொல்லுவார், நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ரிமோட்டைத் தேடியவனைப் பார்த்து என் முகம் போன போக்கில்தான் அன்றைக்கு அவர் முகமும் போயிருக்கும்.

பையன் விழுந்தது நான் எதிர்பார்க்காத இடத்தில். விண்கலத்தில் தூங்குகிற பயணியின் பேனா எடையில்லாமல் காற்றில் மெல்லச் சுற்றும், பணிப்பெண் வந்து அதைப் பறித்து அவர் சட்டைப் பையில் செருகுவாள். மறுநாள் அந்தக் காட்சியை எடுத்துக் காட்டி, இதுல கிராபிக்ஸ் கிடையாதுல, ஒரு கண்ணாடித் தகட்டில் பேனாவை ஒட்டித் தகட்டைச் சுற்றினார்கள் என்றேன். "சும்மா சொல்லாதீய மாமா" என்றான். நாலு தடவை ஓட்டிப் பார்த்தான். அப்புறம் அவனே தேடி, படத்தில் கப்பலுக்குள் ஆட்கள் நடக்கிற சக்கர அறையை 38 அடி விட்டத்தில் நிஜமாகவே கட்டிச் சுழற்றினார்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தான். முழுப் படத்தை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

ஊருக்குப் போன மூன்றாம் நாள் அக்கா போன். "ஏல, என்னத்தல சொல்லிக் குடுத்து அனுப்புன? பூஜை ரூம் முருகன் படத்துக் கண்ணாடியக் கழட்டிப் பேனாவ ஒட்டிட்டுத் திரியுதான்."