மனம் வரவில்லை: உவர்மலையில் ஒரு லெந்துகால நாட்குறிப்பு

2025 மார்ச் 5, புதன்

ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலமான லெந்துகாலத்து வியாழக்கிழமை வேதபாட வகுப்பை இந்த வருடம் என்னை நடத்தும்படி போதகர் கேட்டுக்கொண்டார். தலைப்பைத் தேடவேண்டிய சிரமம் எனக்கு இருக்கவில்லை. நிலாவெளியில் ஹோட்டல் வேலை செய்யும் தம்பி ஒருவர் சில மாதங்களாகக் கைத்தொலைபேசியில் முன்குறித்தலைப் பற்றிய, அதாவது இரட்சிக்கப்படுகிறவர் யார் என்று கடவுள் முன்னமே குறித்துவிட்டார் என்ற போதனையைப் பற்றிய, பிரசங்கங்களைக் கேட்டுவருகிறார். ஆராதனை முடிந்து வாசற்படியில் நின்றபோது, "சேர், நாங்கள் மெதடிஸ்ட்காரர் மனிசன்ர சித்தத்தைப் பெரிசாக்கிக் கிருபையைச் சின்னதாக்கிறமாம், உண்மையோ?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற அக்கா, "எல்லாம் முதலே குறிச்சாச்சு எண்டா, பிறகேன் வா வா எண்டு பிரசங்கிக்கிறது?" என்று அவரிடம் கேட்டுவிட்டார். திருச்சபை 1600 ஆண்டுகளாகப் பேசிவரும் வழக்கை இருவரும் செருப்புப் போடும் நேரத்துக்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, ஈஸ்டருக்கு முன்னமாவது பாலையூற்றுக்குப் போய் அண்ணரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அப்பாவின் காணியைப் பிரித்தபோது, பங்குக் கிணற்றுக்குப் போகும் பாதையை அண்ணர் வேலி போட்டு அடைத்தார். அன்றிலிருந்து 11 வருடங்களாக எங்களுக்குள் பேச்சில்லை. போகத்தான் வேண்டும், ஆனால் மனம் வரவில்லை என்றேன்.

மார்ச் 6, வியாழன்

பெலாஜியஸிலிருந்து தொடங்கினேன். வேதப்புரட்டர் வரிசையில் அவருடைய பெயரைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு, அவர் ஒழுக்கத்தில் குறை சொல்ல முடியாத துறவியாக இருந்தார் என்பது வியப்பாக இருந்தது. பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்த அவர், ஞானஸ்நானம் பெற்ற பின்னும் பழைய வாழ்க்கையையே வாழ்ந்துகொண்டிருந்த கிறிஸ்தவர்களைக் கண்டு மனம் வெதும்பினார். அப்போதுதான், ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் எழுதிய ஒரு ஜெபத்தை ஒருவர் அவர் முன்னால் எடுத்துச் சொன்னார்: நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு விரும்புவதைக் கட்டளையிடும். பெலாஜியஸால் அதைப் பொறுக்க முடியவில்லை. கட்டளையிடுகிறவரே அதைச் செய்யும் ஆற்றலையும் தரவேண்டுமென்றால், சோம்பேறிக்கு அதைவிட நல்ல சாட்டு வேறு என்ன வேண்டும்? 415இல் பலஸ்தீனத்தில் கூடிய ஆயர்கள் அவரைக் குற்றமற்றவர் என்று விட்டார்கள். 418இல் கார்த்தேஜில் கூடியவர்கள் அவருடைய போதனையைக் கண்டித்தார்கள்.

34 வருடம் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் ஓர் இரக்கம் உண்டு என்பதை வகுப்பிலேயே சொன்னேன். "முயன்றால் முடியும்" என்று கரும்பலகையில் நான் எழுதாத தவணை கிடையாது. வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காமல் இருந்த பிள்ளைக்கு அந்த வாசகம் உதவியது. ஆனால் கடைசி வாங்கில் இருந்து துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு வேண்டியிருந்தது விருப்பம். அதை எந்தச் சோக்கட்டியாலும் எழுதிக் கொடுக்க என்னால் முடியவில்லை. கட்டளையும் முன்மாதிரியும் வெளியிலிருந்து வருகின்றன, நோய் உள்ளே விருப்பத்தில் இருக்கிறது என்பதுதான் பெலாஜியஸுக்கு அகுஸ்தீன் சொன்ன பதில்.

மார்ச் 13, வியாழன்

இன்று ஒரேஞ்சு நகரில் ஆயர்கள் கூடிய சங்கம். அகுஸ்தீனுக்குப் பிறகு தென் பிரான்சுத் துறவிகள் சிலர் ஒரு நடுவழியைச் சொன்னார்கள்: வளர்ப்பதும் முடிப்பதும் கிருபை, ஆனால் முதலடியைச் சிலவேளைகளில் மனிதன் வைக்கலாம். ஆர்ல் நகரத்து ஆயர் செசாரியுஸின் தலைமையில் 529இல் கூடிய அந்தச் சங்கம், விசுவாசத்தின் தொடக்கமும், சுத்தமாக வேண்டும் என்ற ஆசையும்கூடக் கிருபையின் செயலே என்று தீர்த்தது; அதே மூச்சில், கடவுள் யாரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்று சொல்வோரையும் சபித்தது. இதில் ஒருவருக்கும் கேள்வி எழவில்லை.

கேள்வி எனக்குத்தான் எழுந்தது, அதுவும் இரவில், இலக்கணத்திலிருந்து. "எனக்கு மனம் வரவில்லை" என்ற வாக்கியத்தில் எழுவாய் எது? மாணவனிடம் கேட்டால் "மனம்" என்பான்; சரியான விடை. நான் அங்கே நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். மனம் என்னிடம் வருகிறது, அல்லது வராமல் விடுகிறது. ஆசை வந்தது, இரக்கம் பிறந்தது, நம்பிக்கை ஏற்பட்டது என்று தமிழன் அகுஸ்தீனை வாசிக்காமலே பேசிக்கொண்டிருக்கிறான். பெலாஜியஸுக்கு இந்த மொழியில் வாதாடுவது சிரமமாக இருந்திருக்கும் என்று எண்ணிச் சிரித்தேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. பிலிப்பி நகரத்துச் சிறைச்சாலைக்காரனுக்குப் பவுல் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது: "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்." "விசுவாசி" என்பது ஏவல் வினை, அதன் எழுவாய் சொல்லில் தெரியாது, ஆனால் "நீ" என்று ஒருவன் மறைந்து நின்றே ஆகவேண்டும். அதைத் தோன்றா எழுவாய் என்று படிப்பித்தேன். "இரட்சிக்கப்படுவீர்கள்" என்பதோ செயப்பாட்டு வினை. செய்ய வேண்டியவனும் செய்யப்படுகிறவனும் ஒரே வசனத்தில், ஒரே ஆள். மனம் வரவில்லை என்று நான் மனைவியிடம் சொன்னபோது, அந்தத் தோன்றா எழுவாயைத்தான் ஒளித்து வைத்தேனோ என்ற சந்தேகம் அப்போது வந்தது.

மார்ச் 20, வியாழன்

வகுப்புக்கு முன், என்னோடு கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற அயல்வீட்டு நண்பருடன் கோணேசர் கோயில் பக்கம் நடந்தேன். அவர் சைவர். பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்ததும் வழக்கம்போல மான்கள் வழியில் நின்றன. ஒன்று அவருடைய கையிலிருந்த வாழைப்பழப் பையை மோந்தது. முன்குறித்தலைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன டோர்ட் சங்கத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன் என்று விளக்கியபோது, "உங்கட ஆக்கள் இதுக்குச் சங்கம் கூட்டினவையோ? மணிவாசகர் 'அவனருளாலே அவன்தாள் வணங்கி' எண்டு ஒரு அடியில முடிச்சிட்டார்" என்றார். முடித்தார் என்று நான் ஒப்பவில்லை. வணங்கியது யார் என்ற கேள்வி அந்த அடிக்குள்ளும் உயிரோடுதான் இருக்கிறது என்றேன். பதில் சொல்லாமல் மானுக்குப் பழம் உரித்தார்.

நாங்கள் நின்ற இடமே அன்றைய பாடத்துக்குச் சாட்சி. ஒல்லாந்த இறையியலாளர் ஆர்மீனியுஸ் 1609இல் இறந்தார்; அடுத்த ஆண்டு அவருடைய சீடர்கள், கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியும், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்பன அடங்கிய ஐந்து கூற்றுகளை முன்வைத்தார்கள். அவற்றை மறுத்து டோர்ட் நகரில் 1618 நவம்பரிலிருந்து 1619 மே வரை ஒல்லாந்த சீர்திருத்தச் சபையின் சங்கம் நடந்தது. இரட்சிப்புக்குக் கடவுள் தெரிந்தெடுத்தல் நிபந்தனையற்றது, தெரிந்தெடுக்கப்பட்டவரைக் கிருபை வெல்லாமல் விடாது என்று அது தீர்த்து இருபது ஆண்டுகளில், 1639இல், ஒல்லாந்தர் இந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். (ஹோட்டல் தம்பி பெருமையோடு சொல்லும், டோர்ட்டின் ஐந்து தீர்ப்புகளின் முதலெழுத்துகளான "டியூலிப்" என்ற எழுத்துச் சேர்க்கை ஆங்கிலத்தில்தான் பொருந்தும், டோர்ட்டில் இருந்தவர்களுக்கு அது விளங்கியிராது.) எனக்கு உறுத்துவது வேறொன்று. விசுவாசம் கடவுள் மட்டுமே தரக்கூடிய ஈவு என்று அறிக்கையிட்ட சபை, இலங்கையில் ஞானஸ்நானத்தை அரசாங்க உத்தியோகத்தோடு முடிச்சுப் போட்டது. பதிவேடுகளில் பெயர்கள் பெருகின. ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் அந்தக் கூட்டம் கரைந்துபோயிற்று. அதை வைத்து டோர்ட்டின் உபதேசம் பொய் என்று வாதாட முடியாது, டோர்ட்காரரே அவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல என்று சொல்லிவிடுவார்கள். ஆனாலும் இங்கே ஆண்ட ஒல்லாந்தக் கம்பனிக்காரர் தங்கள் உபதேசத்தைத் தாங்களே முழுதாக நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

இன்றைய வகுப்பை எளிதில் மறக்கமாட்டேன்.

எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியைப் பற்றிப் பேசினேன். 1739இல் பிரிஸ்டலில் அவர் இலவசக் கிருபையைப் பிரசங்கித்து முன்குறித்தலைக் கடுமையாகத் தாக்கினார். அடுத்த ஆண்டு முடிவில், முன்குறித்தலை நம்பிய அவருடைய நண்பரும் பிரசங்கியாருமான விற்பீல்ட் அமெரிக்காவிலிருந்து மறுப்பு எழுதினார். இருந்தும் 1770இல் விற்பீல்ட் இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். மனிதன் தானாகவே கடவுளிடம் திரும்பமாட்டான் என்பதில் அவர் அகுஸ்தீனோடு நிற்கிறார். ஆனால் நாம் தேடுமுன்னே நம்மைத் தேடிவரும் முந்திய கிருபை எல்லா மனிதருக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதனால்தான் பதில் சொல்லவோ மறுக்கவோ முடிகிறது என்கிறார். ஆகவே வாசற்படியில் கேட்ட குற்றச்சாட்டு எங்கள்மேல் நிற்காது என்று சற்றுப் பெருமையோடு முடித்தேன்.

அப்போது அந்த அக்கா கேட்டார்: "எல்லாருக்கும் கிருபை முந்தி வருகுதெண்டா, என்ர மகனுக்கும் வந்திருக்கும்தானே? ஏன் அவன் இன்னும் இப்பிடியே இருக்கிறான்?" அவருடைய மகன் குடிக்கிறவர் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். வெஸ்லியின்படி பதில் சொன்னால், உங்கள் மகன் மறுத்துவிட்டார் என்று சொல்லவேண்டும். அப்படியானால் மறுக்காத நாங்கள் அவரைவிட ஏதோ ஒரு விதத்தில் நல்லவர்களா என்ற கேள்வி உடனே வரும். டோர்ட்டின்படி சொன்னால், ஒருவேளை கடவுள் அவரைக் கடந்துபோயிருக்கலாம் என்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். ஹோட்டல் தம்பியைப் பார்த்தேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டானது அந்தக் கணத்தில்தான்.

நான் மோனிக்காவின் கதையைச் சொன்னேன். அகுஸ்தீனின் தாய் வருடக்கணக்காக அழுது ஜெபித்ததையும், அவருடைய நச்சரிப்பைத் தாங்காத ஓர் ஆயர், இத்தனை கண்ணீரின் மகன் அழிந்துபோகமாட்டான் என்று சொல்லி அனுப்பியதையும், 387இல் மகன் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்ட பிறகே அவர் கண்மூடியதையும் சொன்னேன். "அவ இருந்து பார்த்தவ" என்றார் அக்கா. மேலும் ஏதோ சொல்ல வந்து, பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

மார்ச் 29, சனி

கடல் அடங்கிவிட்டது. காலையில் உப்புவெளிக் கரையில் கரைவலை இழுத்தார்கள். இரண்டு கயிறுகளும் தூரத் தூர நின்று மெல்ல மெல்ல நெருங்கிவர, ஆட்கள் குதிகாலை மணலில் புதைத்துப் பின்னோக்கி நடந்து, வரிசையின் கடைசிக்கு வந்ததும் கயிற்றை விட்டு மறுபடி நீரோரத்துக்குப் போய்ப் பிடித்தார்கள். "என்னை அனுப்பின பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" என்ற யோவான் ஆறாம் அதிகார வசனம் எனக்கு வேறெங்கும் இப்படி விளங்கியதில்லை. பேதுரு 153 பெரிய மீன்கள் நிறைந்த வலையைக் கரையில் இழுத்தான் என்று அதே சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம் சொல்லுமிடத்திலும் கிரேக்கத்தில் அதே வினைச்சொல்தான். தமிழிலும் "இழு" என்றே இருக்கிறது. மீனின் சம்மதத்தைக் கேட்டு வலை இழுப்பதில்லை என்று டோர்ட்டின் வழி நிற்கும் கல்வீனியர் சொல்வார். ஆனால் பன்னிரண்டாம் அதிகாரத்தில், தாம் உயர்த்தப்படும்போது "எல்லாரையும்" இழுத்துக்கொள்வதாக ஆண்டவர் சொல்லுமிடத்திலும் அதே வினைதான், அது வெஸ்லியின் பக்கம் பேசுகிறது. தவிர, வலையில் வந்த மீன் கரையில் துடித்துச் சாகிறது. உவமையை அதற்குமேல் இழுக்கக்கூடாது.

வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி என்னைத் தெரிந்தவர். "சும்மா நிக்காமல் ஒரு கை பிடியுங்கோ சேர்" என்றார். பிடித்தேன். எனக்கு 67 வயது. என் இழுவை அந்த வலையை ஒரு சாண்கூட நகர்த்தியிராது, ஈரக் கயிறுதான் என் உள்ளங்கையை உரித்தது. வலையின் மடி கரையேறியதும் சூடை மீனும் கீரி மீனும் வெள்ளியாகக் கொட்டின. பங்கு பிரித்தபோது எனக்கும் ஒரு பையில் சூடை போட்டுத் தந்தார். வேண்டாம் என்றேன். "கயிறு பிடிச்ச ஆள் வெறும் கையோட போகக்கூடாது" என்றார்.

"கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" என்கிறார் பவுல். வீடு வரும்வரை அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கூலி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சும்மா தந்தது என்று சொல்லவும் எரிந்த கை விடவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ஒரு கத்தோலிக்க நண்பரும் வகுப்புக்கு வந்திருந்தார். தங்கள் பக்கத்திலும் யேசுசபையார், தொமினிக்கர் என்ற இரு துறவற சபையாரும் இதே விடயத்தில் மோதியதையும், 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தப் பக்கத்தையும் கண்டிக்காமல், ஒருவரையொருவர் வேதப்புரட்டர் என்று சொல்லாதீர்கள் என்று நிறுத்தியதையும் சொன்னார். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது. ஹோட்டல் தம்பிக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. நண்பர் சொன்னதில் எனக்கு மிகவும் இனித்தது ஒரு பழஞ்சொல். இன்று "அருள் நிறைந்த மரியே" என்று சொல்லும் ஜெபத்தை அவருடைய ஆச்சி "பிரியதத்தத்தினாலே பூரண மரியே" என்று சொல்வாராம். பிரியத்தோடு தத்தம் செய்வது. கிருபை என்ற சொல்லைவிட இதில் கை தெரிகிறது.

குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதையும், பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதையும் வைத்து வைணவர் வடகலை, தென்கலை என்று பிரிந்ததை ஒருவர் நினைவூட்டினார். ஆண்டவர் எடுத்த உவமையில் இருப்பது கோழி என்றேன். அது கவ்வுவதில்லை, சிறகை விரித்துக் கூப்பிடுகிறது, குஞ்சு வரலாம், வராமலும் ஓடலாம். "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று அவர் எருசலேமைப் பார்த்துச் சொன்ன இடத்தை வாசிக்கும்போது என் குரல் சற்றுத் தடுமாறியது. ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஏப்ரல் 16, புதன்

பாண் வாங்கப் போனவன் பாலையூற்றுக்குப் போய்விட்டேன். மனம் வந்து போனேனா, போன பிறகு வந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பஸ்ஸில் ஏறியது நினைவிருக்கிறது, ஏறத் தீர்மானித்தது நினைவில்லை. அண்ணர் கிணற்றடியில் வாளியோடு நின்றார். அடைத்த வேலி அப்படியே இருக்கிறது, கதியால்கள் மரமாகிவிட்டன. என்னைக் கண்டதும் வாளியை வைக்காமலே, "பாணோ அது?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

திண்ணையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தோம். கிணற்றைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சீனி இல்லாமல் குடித்தார். மூன்று வருடமாக நீரிழிவாம், எனக்குத் தெரியாது. பாணில் பாதியை வெட்டி அங்கே வைத்துவிட்டு வந்தேன்.