சமூக இயக்கங்கள் பாடத்தை எட்டு வழிச்சாலையை வைத்துப் படித்த விதம்

யுபிஎஸ்சி மெயின்ஸை அரசியல் அறிவியல் விருப்பப் பாடத்தோடு தமிழில் எழுதப்போகிறவர்களுக்காக இது. சமூக இயக்கங்கள் என்ற தலைப்பு இரண்டு தாளிலும் உண்டு. முதல் தாளில் இந்திய இயக்கங்கள். இரண்டாம் தாளில் ஒப்பீட்டு அரசியலுக்குள், அழுத்தக் குழுக்களோடு சேர்த்து. இயக்கங்கள் ஏன் எழுகின்றன, அரசியலை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் இதில் அடிப்படைக் கேள்வி. சேலத்தில் எங்கள் படிப்பு வட்டத்தில் ஒருவர் விடையை இன்னொருவர் திருத்துவோம். பெரும்பாலான விடைகள் ஒரே தடத்தில் ஓடும்: மக்களுக்குக் குறை இருந்தது, போராடினார்கள், அரசு பணிந்தது. பத்து மார்க் கேள்விக்கான 150 சொல்லை இது நிரப்பிவிடும். மார்க் வாங்கித் தராது.

குறை எந்த ஊரில்தான் இல்லை? செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் போய்க் கேளுங்கள், கூலி பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு சிதறிக் கிடக்கும் தொழிலில் ஆள் திரட்டுவது லேசில்லை. ஆகவே "ஏன் கோபம்" என்பதோடு நிறுத்தாமல் "ஏன் இங்கே, ஏன் இப்போது" என்று கேட்டுக்கொண்டு படியுங்கள். கோட்பாட்டாளர்களின் பெயர்கள் அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்து உட்காரும். தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இதற்கு நான் எடுத்துக்கொண்டது சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை. 2018-இல் அறிவிப்பு, 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டங்கள். கிருஷ்ணகிரி வழியாக ஒன்று, உளுந்தூர்பேட்டை வழியாக ஒன்று என்று சென்னைக்கு ஏற்கெனவே இரண்டு நெடுஞ்சாலைகள் இருக்க, இது மூன்றாவது. பூலாவரி, குப்பனூர் பக்கம் தென்னந்தோப்பிலும் கிணற்றடியிலும் அளவைக் கல் நட்டபோதுதான் எதிர்ப்பு வெடித்தது.

அரசியல் அறிவியலாளர் டெட் கர் சொன்ன ஒப்பீட்டு இழப்புணர்வை இங்கே வைத்துப் பாருங்கள். நமக்கு உரியது என்று நினைப்பதற்கும் கைக்கு வருவதற்கும் இடையிலான இடைவெளிதான் கோபத்தை வளர்க்கிறது என்பது அவர் வாதம். நிலமே இல்லாத கூலிக்காரரைவிட, கிணறு வெட்டி, கடன் வாங்கித் தோப்பு வைத்த சிறு விவசாயி ஏன் முன்னால் நின்றார் என்பது இதில் ஓரளவு விளங்கும். ஓரளவுதான். அடுத்து மன்சர் ஓல்சனைக் கொண்டுவாருங்கள்: பலன் எல்லோருக்கும் கிடைக்குமென்றால், அடுத்தவன் போராடட்டும் என்று ஒதுங்குவதே தனிமனிதனுக்கு லாபம். விலைவாசிக்கு எதிராக ஊர் திரள்வது கடினமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். எட்டு வழிச்சாலையில் என்ன நடந்தது? எந்தெந்த சர்வே எண்கள் போகின்றன என்று அரசே அறிவிப்பாணையில் பட்டியல் போட்டது. பாதிக்கப்பட்டவர் யார், பக்கத்துப் பாதிக்கப்பட்டவர் யார் என்பதை அந்த அறிவிப்பாணையே சொல்லிவிட்டது. ஒதுங்கி நிற்க இடமில்லை. இந்தக் கோணத்தை எந்த நோட்ஸிலும் நான் பார்க்கவில்லை, எழுதிப் பாருங்கள்.

மெக்கார்த்தியும் சால்டும் பேசிய வளத் திரட்டலுக்கு (கோபம் மட்டும் போதாது, ஆளும் பணமும் அமைப்பும் வேண்டும் என்பது) விவசாய சங்கங்களும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். சிட்னி டாரோ வலியுறுத்தும் அரசியல் வாய்ப்புச் சூழலுக்கு (போராட்டத்துக்கு வழிவிடும் வெளிச்சூழல்) இரண்டு சான்று போதும்: அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் சொந்த மாவட்டம் என்பதால் ஊடகத்தின் கண் இங்கேயே இருந்தது, கல் நடுவதற்கு ஒரு மாதம் முன்பு, 2018 மே 22-இல், தூத்துக்குடி ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்திருந்தார்கள்; அடுத்த போராட்டத்தை அரசு எப்படிக் கையாளும் என்ற கேள்வி சூடாகவே இருந்தது.

கேள்வியின் இரண்டாம் பாதி, அதாவது அரசியலை இயக்கங்கள் எப்படி மாற்றுகின்றன என்பது, இதைவிடச் சிக்கல். வில்லியம் கேம்சன் வெற்றியை இரண்டாகப் பிரிக்கிறார்: போராடுவோரைப் பேசத்தகுந்த தரப்பாக ஏற்பது, கேட்ட பலன் கிடைப்பது. நான் மூன்றாவதாக வாக்குப் பெட்டியைச் சேர்த்துக்கொள்வேன். மூன்றும் ஒரே திசையில் போகாது.

2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பை ரத்து செய்தது. பத்து நாள் கழித்து நாடாளுமன்றத் தேர்தல். சேலத்திலும் தர்மபுரியிலும் திமுக வென்றது. இத்தோடு நிறுத்தினால் அழகான கதை. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிய அறிவிப்போடு திட்டத்தைத் தொடரலாம் என்றது. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலமே திமுக பக்கம் போக, சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10-ஐ அதிமுக கூட்டணி எடுத்தது. சாலையைக் கொண்டுவர முயன்ற முதலமைச்சர் எடப்பாடியில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஏன்? இதற்கு 1987-க்குப் போக வேண்டும். அந்தச் செப்டம்பரில் வன்னியர் சங்கம் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடத்திய சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. அதே ஆண்டு அந்தச் சங்கத்திலிருந்து பாமக பிறந்தது; 2021-இல் அது அதிமுக கூட்டணியில் இருந்தது. 2021 தேர்தல் தேதி அறிவித்த அன்றே வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. (பின்னர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது வேறு விஷயம்.) மூன்று வருஷத்துப் போராட்டத்தோடு முப்பது வருஷத்துப் போராட்டம் ஒரே வாக்குச்சாவடியில் மோதியது என்பது என் வாசிப்பு. கட்சியாகவும் சட்டமாகவும் உறைந்த இயக்கத்துக்கு நீண்ட கை உண்டு. நீங்கள் மறுக்கலாம், மறுத்து எழுதினாலும் நல்ல விடைதான்.

1965 மொழிப் போராட்டம், 1967 ஆட்சி மாற்றம் எல்லாருக்கும் தெரியும், ஒரு வரி போதும். அதைவிட, ஆட்சிக்கு வந்த திமுகவே அதே 1967-இல் சேலம் உருக்காலை கேட்டு எழுச்சி நாள் நடத்தியதை எழுதுங்கள். ஆளும் கட்சியே தெருவுக்கு வந்து மத்திய அரசிடம் கேட்கிறது! கூட்டாட்சி பற்றிய கேள்விக்கும் இது உதவும். 1970-இல் அடிக்கல் நாட்டினார்கள்.

பலன் சட்டமாக வந்தாலும் மலையேற நாளாகும் என்பதற்கு ஏற்காடு பக்கத்தில் சான்று உண்டு. காட்டில் வாழும் மக்களுக்கு நில உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்குவது தடைபட்டு, 2016-இல்தான் அந்தத் தடை விலகியது. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களைப் பற்றி எழுதும்போது சட்டத்தின் ஆண்டை மட்டும் போட்டுவிட்டு நகர வேண்டாம்.

படிக்கும் முறை சுலபம். ஓர் இயக்கத்துக்கு ஒரு தாள். இடப்பக்கம் தேதிகள், வலப்பக்கம் எந்தக் கோட்பாடு எங்கே பொருந்தவில்லை என்பது. வலப்பக்கம் காலியாக இருந்தால் இன்னும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளைவிடத் தீர்ப்பைப் படிப்பது நேரம் மிச்சம். தேர்வறையில் கட்சிப் பெயர் எழுதத் தயங்க வேண்டாம்; உங்கள் கட்சி எது என்பது மட்டும் திருத்துபவருக்குத் தெரியக் கூடாது.