பிரான்ஸ் கொடுத்த பிறந்தநாள்

நேற்று எனக்குப் பிறந்தநாள். ராத்திரி எட்டு மணிவரை எனக்கே தெரியாது.

வாழ்த்துச் சொல்ல யாரும் ஓடி வர வேண்டாம். நான் ஆவணிப் பூரம் என்பது உங்களுக்குத் தெரியும், செப்டம்பர் 3 என்பதும் தெரியும். ஏற்கெனவே வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள் எனக்கு. பாட்டி நட்சத்திரம் பார்த்து உச்சிப்பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்கிற நாள் ஒன்று, அமெரிக்காவில் அப்பா காஸ்ட்கோ என்கிற மொத்தக் கடையிலிருந்து முப்பது பேர் சாப்பிடுகிற கேக்கை நாலு பேருக்கு வாங்கி வருகிற நாள் ஒன்று. இப்போது மூன்றாவதாக மார்ச் 9. இது பிரான்ஸில், லியோன் நகரில், நான் தங்கியிருக்கிற வீட்டுக்கார மதாம் போட்டுக் கொடுத்தது.

தப்பு என்னுடையதுதான். ஜனவரியில் இங்கே படிக்க வந்து இறங்கிய மறுநாள், தங்கப்போகிற வீட்டுக்காரரிடம் கொடுப்பதற்கென்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். விமானத் தூக்கம் இன்னும் கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்த தேதி என்ற இடத்தில் 09/03/2005 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அமெரிக்காவில் மாதம்தான் முதலில். பிரான்ஸில் நம் ஊர் மாதிரி நாள்தான் முதலில்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், திருச்சியில் ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறவரை நானும் ஒழுங்காக நாளைத்தான் முதலில் எழுதிக்கொண்டிருந்தேன். அமெரிக்கா போய் நியூ ஜெர்சியின் எடிசன் ஊர்ப் பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் ஏதோ ஒரு தாளில் 13/9 என்று எழுதப்போய், பதிமூன்றாவது மாதம் எந்தக் கிரகத்தில் வருகிறது என்று வகுப்பே சிரித்தது. அன்றைக்கு வைராக்கியமாக மாற்றிக்கொண்ட பழக்கம். மாற்றாமல் இருந்திருந்தால் இங்கே வந்து பிழைத்திருப்பேன். செப்டம்பர் பதிமூன்றில் பிறந்திருந்தாலும் பிழைத்திருப்பேன், படிவமே காட்டிக்கொடுத்திருக்கும். மூன்றாம் தேதி பிறந்து தொலைத்தேன்.

இனி மதாம். வயது எழுபத்தேழு. பிரெஞ்சில் சொன்னால் அறுபதும் பதினேழும். அவர்கள் கணக்கு அப்படித்தான். தொண்ணூற்றேழு என்றால் நான்கு இருபதும் பதினேழும். இந்த ஊரில் போன் நம்பரை வேறு இரண்டிரண்டு எண்ணாகச் சேர்த்துச் சொல்வார்கள். முதல் வாரத்தில் யார் நம்பர் சொன்னாலும் நான் நான்கு, இருபது, பதினேழு என்று எழுதி, பத்து இலக்க நம்பருக்குப் பதிமூன்று இலக்கம் வைத்திருந்தேன். இதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் திருச்சித் தாத்தா, "தொண்ணூறுல எங்கடி நூறு இருக்கு, அதை முதல்ல சொல்லு" என்பார். அதோடு என் வாய் அடைந்துவிடும்.

வீடு இருப்பது குருவா-ரூஸ் மேட்டில், நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. (இங்கே நாலாவது மாடி என்றால் நம் ஊர் நாலு, அமெரிக்காவில் அஞ்சு. முழங்காலுக்கு எப்படி எண்ணினாலும் ஒன்றுதான்.) ஒரு காலத்தில் பட்டு நெசவாளர்கள் குடியிருந்த பேட்டை இது. ஜக்கார்டு தறியை நிறுத்துவதற்காக ஒவ்வொரு அறைக்கும் கூரையை நாலு மீட்டர் உயரத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். தறி போய்விட்டது, உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த உயரத்தில் பாதிக்கு ஒரு மரப்பரண் கட்டி அதன்மேல் என் படுக்கை. சூடு மேலே ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அறிவியலை நம்பித்தான் ஏணி ஏறினேன். ஏறுவதற்கு முதலில் சூடு இருக்க வேண்டுமே. மதாம் வீட்டில் 19 டிகிரி. வீட்டுக்கு 19 போதும் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறதாம். வேறு எந்த விஷயத்திலும் அரசாங்கத்தை ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லாதவர், இதில் மட்டும் தேசபக்தர். நான் இரண்டு ஸ்வெட்டர், அம்மா பெட்டியில் திணித்த குரங்குக் குல்லாய் சகிதமாகச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தால், "நீங்கள் அமெரிக்கர்கள் வீட்டுக்குள் கோடைக்காலம் வேண்டும் என்கிறீர்கள்" என்பார். என்னைப் பார்த்ததும் அமெரிக்காக்காரி என்று சந்தேகமில்லாமல் நம்பிய முதல் ஆள் அவர்தான். நியூ ஜெர்சியில்கூட இரண்டாவது கேள்வியாக "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்பார்கள்.

நீங்கள், நீங்கள் என்றுதான் பேசுவார். நானும் நீங்கள். இரண்டு மாதமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம், என் சாக்ஸ் அவர் பால்கனியில் காய்கிறது, ஆனாலும் இரண்டு தாசில்தார்கள் சந்தித்துக்கொண்ட மாதிரிதான் பேச்சு. நான் சைவம் என்றதைப் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டு, இறைச்சி இல்லாத சாலட் என்று பன்றித் துண்டு தூவிய சாலட்டைக் கொண்டுவந்து வைத்தார். அது இறைச்சி இல்லையாம், வாசனைக்காம். இன்னொரு நாள் ஒரு கிண்ணத்தை வைத்து, "இது நெசவாளி மூளை" என்றார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். பார்த்தால் தயிர் மாதிரியான பாலாடைக்கட்டியில் பூண்டும் பச்சிலையும் நறுக்கிப் போட்டது. கொத்தமல்லித் தழை போட்டுக் கடைந்த கெட்டித் தயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாரம் மூன்று நாள் நெசவாளி மூளை இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. பாட்டியிடம் பெயரை மட்டும் சொல்லவில்லை.

சரி, நேற்றுக்கு வருகிறேன். திங்கள்கிழமை. காலையில் காபிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தேன். மதாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்? இன்றைக்கு?"

"இன்றைக்கு உச்சரிப்பு வகுப்பு, மதாம்."

"தபால் பெட்டி பார்த்தீர்களா?"

பார்த்தேன் என்றேன். கரண்ட் பில்லும் பீட்சாக் கடை நோட்டீசும் இருந்தன, எடுத்துக்கொடுத்தேன். உதட்டைக் குவித்துப் புர்ரென்று ஊதினார். பிரெஞ்சுக்காரர்களின் அந்த ஊதலுக்கு மழை, அரசாங்கம், மருமகள், எல்லாமே பொருள் வரும். பில்லுக்காக ஊதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் புத்தகம் எடுக்க வந்தபோது, "உங்கள் அம்மா கூப்பிட்டாரா?" இல்லை என்றேன். "அப்பா?" அப்பா தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் பேசுவார் என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கன்னத்தை ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு மாதத்தில் முதல்முறையாகத் தொட்டிருக்கிறார், பயமாக இருந்தது. வாடகைப் பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

எட்டு மணிக்குச் சரியாக வரச் சொன்னார். போனால் விளக்கு அணைந்திருக்கிறது. மேஜை நடுவில் ப்ரலீன் டார்ட். லியோன்காரர்கள் பாதாமைச் சர்க்கரைப்பாகில் புரட்டி ரோஸ் கலரில் செய்வார்களே, ரோஸ்மில்க் உறைந்து கெட்டியான மாதிரி இருக்குமே, அது. திங்கட்கிழமையில் இந்தப் பக்கம் பாதி பேக்கரி பூட்டியிருக்கும். மேட்டை விட்டு இறங்கிக் கீழே ஊருக்குள் போய் வாங்கி, நாலு மாடியும் ஏறி வந்திருக்கிறார். பாகு இறுகிப்போய் மெழுகுவர்த்தி உள்ளே இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு ரொட்டித் துண்டு வைத்து அதில் குத்தி வைத்திருந்தார். எண் வடிவத்தில் இரண்டு வர்த்திகள், 2, 1. பேரனின் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு வாங்கினவையாம், இடத்தை மாற்றி நட்டிருக்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் இடம் மாறின எண் அது மட்டும் இல்லை.

சொல்லியிருக்கலாம்தான். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பாடத் தொடங்கிவிட்டார். பாடி முடித்த கையோடு வைன் ஊற்றினார். "இன்றிலிருந்து உங்கள் நாட்டிலும் நீங்கள் சட்டப்படி குடிக்கலாம்!" இருபத்தொன்று அமெரிக்கச் சட்டம் என்பதை யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறார். எனக்கு இன்னும் இருபதுதான். பிரான்ஸில் பதினெட்டே போதும், அதனால் குற்றமில்லை. ஆனால் அமெரிக்கச் சட்டப்படி ஆறு மாதம் முன்னதாக இரண்டு வாய் குடித்தேன். அம்மா சட்டப்படி அறுபது வருடம் முன்னதாக.

அப்புறம் சுவரில் இருந்த தபால்காரர் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். இங்கே ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புனிதர் பெயர் போட்டிருக்கும். மார்ச் 9, பிரான்சுவாஸ். "பாருங்கள், பிரான்சுவாஸ் நாளில் பிறந்திருக்கிறீர்கள். பிரான்ஸுக்கு வராமல் எங்கே போவீர்கள்?" காலண்டரில் அந்தக் கட்டத்தில் என் பெயரை நீல மையில் எழுதியிருந்தார். எழுத்துப் பிழையோடுதான். என் பெயரில் வரும் ழ-வை உலகத்தில் யார்தான் எழுதிவிட்டார்கள். அந்த நீல மையைப் பார்த்தபிறகு எந்த வாயால் செப்டம்பர் என்று சொல்வது.

இந்த நேரம் பார்த்து அம்மா.

அம்மா தினமும் அவள் கடிகாரத்தில் மூன்று மணிக்குக் கூப்பிடுவாள், இங்கே அது ஒன்பது. மேஜை துடைத்து, நான் பரணில் ஏறியிருப்பேன். ஆனால் அமெரிக்காவில் நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமைதான் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். ஐரோப்பாவில் 29-ஆம் தேதிதான் தள்ளுவார்கள். ஆக, அம்மாவின் மூன்று மணி என் எட்டு மணியில் வந்து விழுந்தது. வீடியோ கால். மதாமுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கடைசியில் ஞாபகம் வந்துவிட்டது பெற்றவளுக்கு! போனை நானே எடுத்துவிடக் கூடாதென்று அவரே விரலால் தள்ளிவிட்டார்.

திரையில் அம்மா பத்ரகாளி மாதிரி. "இருபதுக்குப் பதிமூணாடி வாங்கியிருக்கே?"

இலக்கியத் தாளுக்கு 13 வந்ததை அப்பாவிடம் பெருமையாக அனுப்பியிருந்தேன். இங்கே பத்து எடுத்தால் பாஸ், பன்னிரண்டு தாண்டினால் 'பரவாயில்லாமல் நன்று' என்று பட்டமே கொடுப்பார்கள். இருபது கடவுளுக்கு மட்டும் என்று ஆசிரியர்களே சொல்லிச் சிரிப்பார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியுமா. அறுபத்தைந்து பர்சென்ட் என்று கணக்குப் போட்டு, பக்கத்து வீட்டுப் பையன் மாசச்சூசெட்ஸில் எவ்வளவு வாங்குகிறான் என்பதுவரை போய்விட்டாள். மதாமுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திட்டுவது எந்த மொழியில் இருந்தாலும் தெரியும். பிறந்தநாளும் அதுவுமாக, இவ்வளவு நேரம் கழித்துக் கூப்பிட்டு, திட்டுகிறாள்!

போனை என் கையிலிருந்து வாங்கினார். முதுகை நிமிர்த்தினார். "போன்சுவார் மதாம்" என்று ஆரம்பித்தவர், நிறுத்தாமல் இரண்டு நிமிடம் பேசினார். உங்கள் மகள் இருபத்தொரு வயதுப் பெண், தனியாக அயல்நாட்டில் இருக்கிறாள், காலையிலிருந்து தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒரு அட்டை இல்லை, ஒரு பூ இல்லை, என்ன தாய் நீங்கள். மரியாதை குறையவே இல்லை, எல்லாம் நீங்கள்தான். அம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டி, கை கூப்பி, "தேங்க்யூ மேடம், தேங்க்யூ மேடம்" என்றாள்.

"என்னடி சொல்றாங்க?"

"பதிமூணு நல்ல மார்க்குன்னு சொல்றாங்கம்மா."

அம்மா கொஞ்சம் இளகினாள். "அவங்களே சொல்றாங்கன்னா சரிதான்."

"என்ன சொல்கிறார்?" என்றார் மதாம்.

"மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன். கல்லூரியில் மொழிபெயர்ப்பும் ஒரு தாள் எடுத்திருக்கிறேன், அதில் 11.

அப்போதுதான் அம்மா கண்ணில் டார்ட் பட்டது. யாருக்குப் பிறந்தநாள் என்றாள். மதாமுக்கு என்றேன். உடனே அம்மா அவருக்கு ஹேப்பி பர்த்டே பாட ஆரம்பித்தாள், மெட்டு ஒன்றுதானே. மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்து அமுக்கி, "பாருங்கள், அம்மா பாடுகிறார்" என்றார். பாட்டு முடிகிறவரை நான் ரொட்டித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தாலும் மாட்டுவேன், அழுதாலும் மாட்டுவேன்.

பரிசு தனியாக ஒன்று இருக்கிறது என்றார். என் கையைப் பிடித்து நடைவழிக்குக் கூட்டிக்கொண்டு போய், வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற, இதுவரை நான் தொடக்கூடாத வெள்ளைப் பெட்டியைக் காட்டினார். சின்னத் திரையில் 21. "இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று" என்றார். பரணில் நேற்று ராத்திரிதான் குல்லாய் இல்லாமல் தூங்கினேன்.

தாத்தாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். அவருடைய ஜூன் 1 பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிக்கொண்டது, வகுப்பில் பாதிப் பேருக்கு அதே ஜூன் 1. "எனக்கு வாத்தியார் வெச்சாரு, உனக்கு மதாம் வெச்சாங்க, விடு" என்றார். குடும்பக் குழுவில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். பத்து நிமிடத்தில் பதினாலு பேர் பூங்கொத்து அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா மட்டும் திருமணநாள் வாழ்த்து அனுப்பியிருக்கிறார், அவர் எதையும் படிக்காமல்தான் அனுப்புவார்.

காலையில் எழுந்ததும் நடைவழிக்குத்தான் போனேன். 19.