மச்சம் எங்கே இருக்கு?

ஆண்டு விழா மலருக்குப் பள்ளியின் வரலாறு வேண்டும் என்றார் எச்.எம். அம்மா. நுழைவாயில் கல்வெட்டில் இருந்ததை எழுதிப் பார்த்தேன், ஆறு வரிதான் வந்தது. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர். "இவ்ளோதானா சார்?" என்றார். மீதிக்காக இரண்டாவது பீரோவைத் திறந்தேன்.

முதல் பீரோவில் சம்பளப் பட்டியலும் தணிக்கைக் கோப்புகளும் இருந்தன. தணிக்கைக்காரர்களைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்டு வந்ததில்லை. இரண்டாவதில் இருந்தவை சேர்க்கை, விலக்கல் பதிவேடுகள். அதைத் தேடி வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில், மின்சார ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி அது. நடுவில் மாற்றலில் போய்த் திரும்பிய காலத்தைக் கழித்தால் 17 வருடம் அங்கே நான்தான் 'கிளார்க் சார்'.

முதல் பதிவேட்டின் அட்டையில் செங்கற்பட்டு ஜில்லா போர்டு முத்திரை பாதி அழிந்திருக்கும். உள்ளே 'பெற்றோர் தொழில்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போனால் போதும், ஊர் மாறிய கதை முழுக்கத் தெரிந்துவிடும். தொடக்கத்தில் விவசாயம், விவசாயம், கூலி, ரயில்வே கேங்மேன், மறுபடி விவசாயம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அந்த இடத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு இங்கே ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் யார் யார் என்பதை எங்கள் பதிவேடு சொல்லும். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த 1965 வாக்கில் அந்தக் கட்டத்தில் 'டேங்க் பாக்டரி' அடிக்கடி தலைகாட்டுகிறது. பிறகு 'டி.ஐ. சைக்கிள்', 'டன்லப்'. எனக்கு முன்னால் இருந்த ஒரு கிளார்க் எல்லாவற்றுக்கும் 'கம்பெனி' என்று எழுதி முடித்துவிட்டார். சோம்பேறி மனுஷன். என் காலத்தில் நான் அதிகம் எழுதியது 'கான்ட்ராக்ட்'. என்ன வேலை என்று கேட்டால் "கான்ட்ராக்ட் சார்" என்பார்கள். அது வேலையா, வேலை கொடுக்கும் முறையா என்று யோசித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

இருப்புப் பதிவேட்டிலும் கொஞ்சம் வரலாறு கிடைத்தது. இதே ரயில் பாதையில் திருவள்ளூர் தாண்டி இருக்கும் கடம்பத்தூரில்தான் 1958-இல் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர், காமராஜர் முதல்வர். அரசு கொடுக்கிறவரை காத்திராமல் ஊர்க்காரர்களே பள்ளிக்கு வேண்டியதைச் செய்துகொடுக்கும் ஏற்பாடு. அந்தக் காலத்துப் பக்கங்களில் 'நன்கொடை' என்ற தலைப்பின் கீழ் சுவர்க் கடிகாரம் 1, மர நாற்காலி 6, கரும்பலகை 2. கடிகாரம் என் அறையில்தான் தொங்கியது. நான் பார்த்த நாளிலிருந்து ஓடவில்லை. கழிவு செய்ய மனசு வராமல் ஒவ்வொரு ஆண்டும் 'இருப்பில் உள்ளது' என்றே எழுதினேன்.

1978-இல் மாநிலத்தில் பிளஸ் டூ வந்தது. அதுவரை பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். எங்கள் பள்ளி மேல்நிலை ஆனது சில ஆண்டு கழித்துத்தான். அதன் பிறகுதான் பெண் பிள்ளைகள் பதினேழு வயது வரை பதிவேட்டில் நிற்கிறார்கள். அதற்கு முந்தைய பக்கங்களில் பல பெண்களின் பெயருக்கு எதிரே, எட்டிலோ ஒன்பதிலோ, நீண்ட நாள் வராததால் பெயர் நீக்கம் என்று சிவப்பு மையில் இருக்கும்.

பிறந்த தேதிக் கட்டம் தனிக் கதை. பழைய பக்கங்களில் பாதி ஊரும் மே, ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறது. தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது. தொடக்கப் பள்ளி வாத்தியார், ஜூனில் பள்ளி திறக்கும் தேதிக்கு ஐந்து முடிகிற மாதிரி ஒரு தேதியைப் போடுவார். டி.சி. வழியாக அது ஆறாம் வகுப்பில் எங்களிடம் வரும். நாங்கள் அப்படியே நகல் எடுப்போம். அந்த மனிதரின் ஓய்வு நாள், பென்ஷன், பாஸ்போர்ட் எல்லாம் அந்தக் காதைத் தொட்ட விரல் தீர்மானித்தது. "சார், ஒரு வயசு கூடப் போட்டுட்டாங்க சார்" என்று வருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஒருநாள் அறுபதை நெருங்கிய ஒருவர் மகளோடு வந்தார். சைக்கிள் கம்பெனியில் இருந்தவர், வயதுச் சான்று வேண்டும். ஆண்டைச் சொன்னார். பதிவேட்டை எடுத்தேன். அதே பெயரில், அதே ஆண்டில் இரண்டு பேர். அப்பா பெயரின் முதல் எழுத்தும் ஒன்று. இதற்காகத்தான் 'அங்க மச்ச அடையாளங்கள்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். "சட்டையக் கொஞ்சம் கழட்டுங்க அண்ணே" என்றேன். இடது தோளுக்குக் கீழே, எழுதியிருந்த அதே இடத்தில் மச்சம். சுற்றி முடி நரைத்திருந்தது. மகள் சிரித்துவிட்டாள்.

வலது பக்கத்தைத் திருப்பினேன். விலகிய வகுப்பு 8. காரணம்: நீண்ட நாள் வருகையின்மை. அவரும் பார்த்துவிட்டார். பேனா வாங்கி வரச் சொல்லி மகளை வெளியே அனுப்பினார். பிறகு மெதுவாக, "பத்தாவது பாஸ்னு சொல்லித்தான் சார் இதுங்கள மிரட்டிப் படிக்க வெச்சேன்" என்றார். அவருக்கு வேண்டியது பிறந்த தேதிக்கான சான்று மட்டும்தான். அதில் வகுப்பைக் குறிப்பிட வேண்டிய அவசியம் இல்லை. குறிப்பிடவில்லை. மகள் வாங்கி வந்த பேனாவிலேயே எச்.எம். அம்மா கையெழுத்துப் போட்டார்.

2015 டிசம்பர் மழையில் பள்ளி முகாம் ஆனது. வகுப்பறைக்கு ஐந்தாறு குடும்பம். சத்துணவுக் கூடத்து அண்டாவில் ராத்திரியும் சோறு வெந்தது. நான் செய்த ஒரே வீரம், பதிவேடுகளைப் பீரோவின் மேல் தட்டுக்கு ஏற்றியது. தண்ணீர் வடிந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. வீட்டோடு சான்றிதழ்களும் போனவர்களுக்காக அரசு சிறப்பு முகாம் நடத்தியது. வழக்கமாக டி.சி. தொலைந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீசில் சான்று வாங்கி வரச் சொல்வோம். அந்த வாரங்களில் சேற்றுக் காலோடு வந்து நின்றவர்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி, ஞாயிறானால் கிரிக்கெட், விடிகாலையில் நடைப்பயிற்சி. ஊருக்கு வேறு திடல் கிடையாது. 2011-க்குப் பிறகு விலையில்லா மடிக்கணினி வந்து இறங்கிய ராத்திரிகளில், வாட்ச்மேன் இல்லாததால் ஆசிரியர்கள் முறை போட்டுக் காவல் படுத்தார்கள். நானும் இரண்டு ராத்திரி பெட்டிகளுக்கு நடுவே கொசுவத்தி கொளுத்திப் படுத்தேன். அதைப் பற்றி மலரில் எழுத எச்.எம். அம்மா சம்மதிக்கவில்லை.

என் தப்பையும் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் போக வேண்டும். நம் எழுத்தில் 'த' ஒன்றுதான், ஆங்கிலத்தில் டி-யா (D), டீ-யா (T)? தாமோதரனின் மகளுக்கு நான் முதலெழுத்தை 'டீ' என்று போட்டுவிட்டேன். ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் 'டி'. சரிபார்க்கக் கொடுத்த பட்டியலில் அந்தப் பிள்ளையும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தது. நாலு வருடம் கழித்து வேலைக்குச் சேரும்போதுதான் அது வெளியே வந்தது. திருத்தத்துக்கு அலைந்து அலைந்து அந்தப் பெண் சேர வேண்டிய நாள் தாண்டிவிட்டது. "பரவால்ல சார், வேற வேலை கெடைக்கும்" என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு க, ச, த, ப என்று தொடங்கும் அப்பா பெயர் எது வந்தாலும், "இங்கிலீஷ்ல எப்படிம்மா போடுவீங்க?" என்று பிள்ளையையே எழுதிக் காட்டச் சொன்னேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஜூன். கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸ் வந்து எல்லாம் கணினியில் ஏறிவிட்டது, ஆனாலும் பெரிய பதிவேட்டிலும் எழுதுவோம். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பீகார்க்காரர் ஒருவர் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். அவருக்குத் தமிழ் வராது. பிள்ளை பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வருடம் படித்தவள், எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே பேசினாள். தாய்மொழி, இந்தி. தொழில் என்னவென்று கேட்டேன். அவள் அப்பாவிடம் கேட்டு, "கான்ட்ராக்ட் சார்" என்றாள்.

"மச்சம் எங்கே இருக்கு?"

அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அவர் யோசிக்கவே இல்லை. மகளின் தலையைப் பிடித்து மெல்லத் திருப்பி, பின்னலை ஒதுக்கி, வலது காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து போய்ப் பார்த்து எழுதினேன்.